ஐந்தரைக் கோடி டாலர் அதிகமா? எரின் ஆண்ட்ரூஸ் வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 மார்ச் 7. அமெரிக்காவின் டென்னிசி மாநிலத்தில் நாஷ்வில் நகர நீதிமன்றம் ஒன்றில் பன்னிரண்டு ஜூரிகள் ஒரு தொகையைச் சொன்னார்கள்: 5.5 கோடி டாலர். தங்கியிருந்த ஹோட்டல் அறையில் தனக்குத் தெரியாமல் நிர்வாணமாகப் படம்பிடிக்கப்பட்ட விளையாட்டுச் செய்தியாளர் எரின் ஆண்ட்ரூஸுக்குச் சேரவேண்டிய இழப்பீடு அது. அன்றைக்கே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. இவ்வளவு தொகையா, ஹோட்டல் என்ன செய்யும், அவர் ஏற்கெனவே பணக்காரர்தானே என்று ஒரு பக்கம். ஒரு பெண்ணின் உடலை உலகம் முழுவதும் பார்த்ததற்கு எந்தத் தொகைதான் ஈடாகும் என்று இன்னொரு பக்கம்.

என் நிலை என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜூரி செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் எதிர்த்துப் பேசுகிறவர்கள் கேட்பதில் சில கேள்விகள் மிகவும் நியாயமானவை. அவற்றுக்கும் இங்கே இடமுண்டு.

சுருக்கமாக, என்ன நடந்தது?

2008 செப்டம்பர். எரின் அப்போது இஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் வேலை பார்த்துவந்தார். கல்லூரிக் கால்பந்துப் போட்டி ஒன்றுக்காக நாஷ்வில் வந்து, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை ஒட்டிய மாரியட் ஹோட்டலில் தங்கினார். மைக்கேல் டேவிட் பாரெட் என்பவன் அவரைப் பின்தொடர்ந்து வந்து, கேட்டு வாங்கி, பக்கத்து அறையிலேயே தங்கினான். எரினின் அறைக் கதவிலிருந்த பார்வைத் துளையைக் கழற்றி, அதன் வழியாகக் கைபேசியில் படமெடுத்தான். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலும் இதையே செய்தான்.

எடுத்ததை 2009 தொடக்கத்தில் டிஎம்இசட் என்ற பிரபலங்கள் பற்றிய செய்தித் தளத்துக்கு விற்கப் பார்த்தான். அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். பிறகு காணொளி இணையத்துக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் காட்டுத்தீ போலப் பரவியது. எரினுக்கே அப்போதுதான் தெரியும். பெற்றோரை அழைத்து அவர் கதறிய கதறலில், மகளுக்குக் கார் விபத்து நேர்ந்துவிட்டது என்றுதான் தந்தை முதலில் நினைத்தாராம். விசாரணையில் இது சாட்சியமாகவே வந்தது.

அக்டோபரில் சிகாகோ விமான நிலையத்தில் எஃப்.பி.ஐ. பாரெட்டைக் கைது செய்தது. டிசம்பரில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 2010 மார்ச்சில் 30 மாதச் சிறை. எரின் தொடர்ந்த சிவில் வழக்கு 2016 பிப்ரவரியில்தான் நாஷ்வில்லில் விசாரணைக்கு வந்தது. அவர் கேட்டது 7.5 கோடி டாலர்.

பார்வைத் துளை உள்ளிருந்து வெளியே பார்ப்பதற்குத்தானே? அதன் வழியாக உள்ளே எப்படிப் படமெடுக்க முடியும்?

கதவில் இருக்கும் அந்தச் சிறு குழாயை ஒரு முறை கழற்றிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வராது. இரண்டு துண்டுகள். ஒன்றைக் கதவின் வெளிப்புறத்திலிருந்தும் மற்றதை உட்புறத்திலிருந்தும் செருகி, நடுவில் மரையால் இறுக்கிவிடுவார்கள். உள்ளிருந்து பார்த்தால் வெளியே நிற்பவர் முழுதாகத் தெரிவார். வெளியிலிருந்து கண்ணை வைத்தால் மங்கலான ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்வது குழாய்க்குள் இருக்கும் லென்ஸ். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கதவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போகும் வெறும் துளை.

பாரெட் செய்தது அதைத்தான். குழாயைக் கழற்றினான், இரும்பறுக்கும் வாளால் அறுத்தான், பார்ப்பதற்குப் பழையபடி இருக்குமாறு திரும்பச் செருகிவைத்தான். வேண்டும்போது வெளியிலிருந்து இழுத்தால் கையோடு வந்துவிடும். எரின் உள்ளே இருந்த நேரத்தில் அதை எடுத்துவிட்டுத் துளையில் கைபேசியை வைத்தான். சில நிமிட வேலை. பூட்டை உடைக்கவில்லை, சாவி தேவைப்படவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த ஒருவருக்கு, அந்தக் கதவே கேமராவின் கண்ணாகிவிட்டது.

குற்றம் செய்தவன் பாரெட். ஹோட்டலை ஏன் இழுக்கவேண்டும்?

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். இதற்குப் பதில் சொல்ல, பாரெட் அந்த அறைக் கதவுவரை வந்த வழியைப் பார்க்கவேண்டும். அவன் காணொளி வாக்குமூலமாகக் கொடுத்த சாட்சியத்தில் அந்த வழியை அவனே சொன்னான்.

எரின் எந்த ஹோட்டலில் தங்குகிறார் என்பதை ஹோட்டல்களுக்குப் போன் போட்டு விசாரித்துத் தெரிந்துகொண்டான். ஹோட்டலுக்குள் வந்தபின், அங்கிருந்த உள்தொலைபேசியில் எரினின் அறைக்கு இணைப்புக் கேட்டான். தொலைபேசித் திரையில் அறை எண் தெரிந்தது. அந்தத் தளத்துக்குப் போய், பக்கத்து அறை காலியாவதைப் பார்த்தான். ரிசப்ஷனுக்கு வந்து, அந்த அறையைக் கொடுங்கள் என்றான். கொடுத்துவிட்டார்கள். எரினிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹோட்டல் தரப்பு வழக்கறிஞர்களின் வாதம் இது: இவன் திட்டம்போட்டு ஏமாற்றும் குற்றவாளி, இப்படி ஒருவன் வருவான் என்று யாரும் கணித்திருக்க முடியாது, பழி முழுவதும் அவனுடையதே. இந்த வாதத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து அறை கேட்பவர்கள் தினமும் வருவார்கள். குடும்பங்கள், நண்பர்கள், ஒரே அலுவலகத்துக்காரர்கள். ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டால் ஹோட்டல் நடத்த முடியாது.

ஆனால் குடும்பமாகவோ அலுவலகமாகவோ வருகிறவர்கள் விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் அது தெரிந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், மறுபக்கத்திடம் உறுதிசெய்துகொள்ள ஒரு போன் போதும். எரின் சாட்சிக் கூண்டில் கண்ணீரோடு சொன்னதும் இதையேதான்: உங்கள் பக்கத்து அறையை ஒருவர் கேட்கிறார், கொடுக்கலாமா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அப்போதே போலீஸை அழைத்திருப்பேன்.

டென்னிசி சட்டத்தில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1996-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம், மெம்ஃபிஸில் ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்திலிருந்து ஒரு பெண் கடத்தப்பட்ட வழக்கில் அதை வகுத்தது. மூன்றாம் நபர் செய்யும் குற்றத்திலிருந்து வாடிக்கையாளரைக் காக்கும் கடமை வணிகருக்கு உண்டா? அந்தக் குற்றம் நடக்கக்கூடும் என்று எவ்வளவு தூரம் எதிர்பார்த்திருக்கலாம், நடந்தால் எவ்வளவு பெரிய கேடு என்பதை ஒரு தட்டில் வை. அதைத் தடுக்க ஆகக்கூடிய சுமையை மறு தட்டில் வை. எது கனக்கிறது என்று பார்.

இந்த வழக்கில் மறு தட்டில் இருந்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

மாரியட் நிறுவனம் பணம் கட்டியதா?

இல்லை. பெயர்ப்பலகை மாரியட் என்றாலும் கட்டடத்தின் உரிமையாளர் வெஸ்ட் எண்ட் ஹோட்டல் பார்ட்னர்ஸ், நடத்தியது விண்ட்ஸர் கேபிட்டல் குரூப். மாரியட் இன்டர்நேஷனலை நீதிபதி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார். "மாரியட்டுக்கு ஐந்தரைக் கோடி அபராதம்" என்று இன்றும் பகிரப்படும் செய்தி இரண்டு வகையில் தவறு. மாரியட்டும் இல்லை, அபராதமும் இல்லை.

51 சதவீதம், 49 சதவீதம் என்று பிரித்தார்களே, அது என்ன கணக்கு?

பாரெட் மீது 51, ஹோட்டல் உரிமையாளர் மற்றும் நடத்துநர் மீது 49. டாலரில் சொன்னால் பாரெட்டுக்குச் சுமார் 2.8 கோடி, ஹோட்டல் தரப்புக்குச் சுமார் 2.7 கோடி.

இந்தப் பிரிவினை வெறும் சடங்கு இல்லை. டென்னிசியில் 1992-க்குப் பிறகு பொதுவிதி, அவரவர் தப்புக்கு அவரவர் பங்கு மட்டும் என்பது. ஒருவரிடம் வசூலாகாததை இன்னொருவரிடம் கறக்க முடியாது. சிறைக்குப் போய்வந்த தனி ஆளிடமிருந்து 2.8 கோடி டாலர் வசூலாகும் என்று யாரும் கனவு காணவில்லை. ஆக, தீர்ப்பு வாசிக்கப்பட்ட அந்த நொடியிலேயே 5.5 கோடியில் பாதிக்கு மேல் ஏட்டளவில்தான் இருந்தது. தொகையைக் கேட்டுக் கொதித்தவர்களில் பெரும்பாலோர் இதைக் கவனிக்கவே இல்லை.

உண்மையைச் சொன்னால், 49 என்ற எண் எனக்கும் முதலில் உறுத்தியது. வாளெடுத்து அறுத்தவனுக்கும் அறைச் சாவியைக் கொடுத்தவருக்கும் ஏறத்தாழ சம பங்கா? பிறகு அந்த வாக்குமூலத்தின் படிகளைத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். அறை எண் தெரிந்தது ஹோட்டலின் தொலைபேசியில். பக்கத்து அறை கிடைத்தது ஹோட்டலின் மேசையில். கதவு அறுபட்டது ஹோட்டலின் நடைபாதையில். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தடைப்பட்டிருந்தால் நாஷ்வில் காணொளியே இருந்திருக்காது. ஜூரிகளும் இப்படித்தான் எண்ணியிருக்கவேண்டும். இப்போதும் நானாக இருந்தால் 40 என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் 10 என்று சொல்லியிருக்க மாட்டேன்.

மனவேதனைக்கு 5.5 கோடி என்று எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?

வாய்ப்பாடு எதுவும் கிடையாது. மருத்துவச் செலவுக்கு ரசீது இருக்கிறது, போன சம்பளத்துக்குச் சீட்டு இருக்கிறது. அவமானத்துக்கும் பயத்துக்கும் ரசீது இல்லை. அதனால்தான் அந்த மதிப்பீட்டை ஒரு நிபுணரிடம் விடாமல், ஊர் மக்களிலிருந்து பொறுக்கி எடுத்த பன்னிரண்டு பேரிடம் விடுகிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேர் முன் வந்த சாட்சியத்தைப் பாருங்கள். இணையப் பயன்பாட்டை ஆராயும் நிபுணர் ஒருவர், அந்தக் காணொளியைச் சுமார் 1.7 கோடிப் பேர் பார்த்திருக்கலாம் என்று மதிப்பிட்டுச் சாட்சி சொன்னார். எரின் சொன்னார்: ஏறக்குறைய தினமும் யாராவது நினைவூட்டுகிறார்கள், ட்விட்டரில் அந்தப் படத்தையே அனுப்புகிறார்கள், மைதானத்தில் வேலை செய்யும்போது பார்வையாளர் வரிசையிலிருந்து கத்துகிறார்கள். எட்டு ஆண்டுக்கு முன் நடந்து முடிந்த ஒன்றுக்கா இழப்பீடு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அது முடியவில்லை. எலும்பு முறிந்தால் கூடும் நாள் ஒன்று உண்டு. இணையத்தில் ஏறிய காணொளியை முழுவதுமாக இறக்கிவிட்டோம் என்று சொல்ல ஒரு நாள் கிடையாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவருடைய வாழ்க்கை ஏறுமுகம்தானே? எங்கே இழப்பு?

ஹோட்டல் தரப்பு விசாரணையில் அழுத்திச் சொன்ன வாதம் இது. தகவல்கள் பொய்யில்லை. 2010-ல் 'டான்சிங் வித் த ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் போட்டியாளர். 2012-ல் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸுக்கு மாறினார். 2014-ல் அதே நடன நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களில் ஒருவரானார். விளம்பர ஒப்பந்தங்களும் வந்தன. வருமானம் கூடியது.

சட்டப்படி பார்த்தால், இந்த வாதம் வருமான இழப்பு கேட்டவருக்குத்தான் பொருந்தும். எரின் முக்கியமாகக் கேட்டது மனத்துக்கு நேர்ந்த சேதத்துக்கு. சம்பளச் சீட்டைக் காட்டி அதை மறுக்க முடியாது.

சட்டத்தை விட்டுவிட்டு மனுஷத்தனத்தோடு பார்த்தாலும், இந்த வாதத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அடிபட்டவர் அழுதுகொண்டே மூலையில் உட்கார்ந்திருந்தால் மட்டும்தான் அடி நிஜம் என்று நம்புகிறோம். எழுந்து வேலைக்குப் போய்விட்டால், "பார், ஒன்றுமே ஆகவில்லை" என்கிறோம். அவர் நாஷ்வில்லில் அழுதபோதும் இதே கூட்டம் நடிப்பு என்றது. அழுதாலும் குற்றம், சிரித்தாலும் குற்றம் என்றால் அவர் எப்படித்தான் இருக்கவேண்டும்?

வேலைக்குத் திரும்பியதும் எளிதாக நடக்கவில்லை. மறுபடி திரையில் தோன்றுவதற்கு முன்னால் இது குறித்து ஒரு தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்தாகவேண்டும் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக அவர் சாட்சியம் அளித்தார். அவர் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சிக்குப் போனார். அந்தப் பேட்டியையே பிறகு, "பார், விளம்பரம் தேடுகிறார்" என்று காட்டினார்கள்.

அவரே விளம்பரத்துக்காகச் செய்துகொண்டதாகச் சொன்னார்களே?

சொன்னார்கள். காணொளி பரவியதிலிருந்து பாரெட் கைதாகும்வரை சில மாதங்கள் இந்தப் பேச்சு ஓடியது. தன்னை மிகவும் நொறுக்கியவற்றில் இதுவும் ஒன்று என்று எரின் சொன்னார். பாரெட் பிடிபட்டான், ஒப்புக்கொண்டான், சிறைக்குப் போனான். ஏன் எரினைத் தேர்ந்தெடுத்தாய் என்ற கேள்விக்கு, அவர் பிரபலம், இணையத் தேடலில் அவர் பெயர் மேலே இருந்தது, எனக்குப் பணம் தேவைப்பட்டது என்ற பொருளில் வாக்குமூலம் கொடுத்தான். இதற்கு மேலும் அந்தச் சந்தேகத்தைக் கிளப்புகிறவர்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

கை கால் போனவர்களுக்கே இவ்வளவு கிடைப்பதில்லையே. இது அநியாயமில்லையா?

எனக்குப் பெரிதாகப் படும் கேள்வி இது. அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தின் இருப்பிடம் வேறு.

டென்னிசியில் 2011-ல் ஒரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் எழும் வழக்குகளில், வலி, மனவேதனை போன்ற பணக் கணக்கில் அடங்காத இழப்புகளுக்கு உச்சவரம்பு 7.5 லட்சம் டாலர். மிகக் கொடிய சில காயங்களுக்கு மட்டும் 10 லட்சம். எவை அந்தக் கொடிய காயங்கள்? தண்டுவடம் சேதமாகி முடங்கிப்போவது, இரண்டு கையோ காலோ இழப்பது, உடலில் 40 சதவீதத்துக்கு மேல் ஆழமான தீக்காயம், சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் இறப்பது. பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். இரண்டு காலும் போனவரின் வலிக்கு எந்த ஜூரி எவ்வளவு கொடுத்தாலும் நீதிபதி 10 லட்சத்துக்குக் குறைத்துவிடவேண்டும். 2020-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் இந்த வரம்பு செல்லும் என்றது. வேண்டுமென்றே தீங்கு செய்தவருக்கு வரம்பு பொருந்தாது. கவனக்குறைவுக்குப் பொருந்தும்.

எரினுக்கு நடந்தது 2008-ல். அதனால் வரம்புக்குள் வரவில்லை. அதே சம்பவம் 2012-ல் நடந்திருந்தால், மனவேதனைக்கென்று ஹோட்டல் தரப்பு கொடுத்திருக்க வேண்டியது 2.7 கோடியிலிருந்து 7.5 லட்சத்துக்கோ அதற்கும் கீழோ இறங்கியிருக்கும். அதே ஹோட்டல், அதே மேசை, அதே கதவு.

ஆக, எரினுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: மற்றவர்களுக்கு ஏன் இவ்வளவு குறைவு? அவருடைய தொகையைக் குறைத்தால் காலிழந்தவருக்கு ஒரு டாலர்கூட அதிகமாகக் கிடைக்காது. காப்பீட்டு நிறுவனத்தின் கையில்தான் அது மிஞ்சும். வரம்பை ஆதரிப்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: எல்லையில்லாத இழப்பீடு காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்றும், சிறு தொழில் செய்பவர்கள் தாங்கமாட்டார்கள், ஒரே மாதிரி வழக்கில் ஒருவருக்கு லட்சம், இன்னொருவருக்குக் கோடி என்று தாறுமாறாகும். கடைசியாகச் சொன்னது உண்மைதான். ஜூரிக்கு ஜூரி தொகை மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது. அதற்கு மருந்து எல்லோரையும் ஒரே தாழ்ந்த கூரைக்குள் குனியவைப்பது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பிரபலம் என்பதால்தானே இந்தத் தொகை? சாதாரணப் பெண்ணுக்கு யார் கொடுப்பார்கள்?

பாதி உண்மை. பிரபலமாக இருந்ததால்தான் பாரெட் அவரைத் தேர்ந்தெடுத்தான், பிரபலமாக இருந்ததால்தான் 1.7 கோடிப் பேர் பார்த்தார்கள். சேதம் பெரிதானதற்கே புகழ் ஒரு காரணம். நல்ல வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டு ஆறேழு ஆண்டு காத்திருக்கும் வசதியும் அவருக்கு இருந்தது. சாதாரணப் பெண்ணுக்கு அது இராது. இந்தக் குறையை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்தரங்கத்துக்கான உரிமை பிரபலங்களுக்காகப் பிறந்ததல்ல. 1881-ல் மிச்சிகனில், இரவில் பிரசவம் பார்க்க வந்த மருத்துவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இளைஞரைத் துணைக்கு அழைத்து வந்தார். அந்த ஏழைப் பெண்ணும் கணவரும் அவரையும் மருத்துவத்தில் ஒருவர் என்றே நினைத்து அனுமதித்தார்கள். உண்மை தெரிந்ததும் அந்தப் பெண் வழக்குப் போட்டார், வென்றார். 1964-ல் நியூ ஹாம்ப்ஷயரில், வாடகைக்குக் குடியிருந்த தம்பதியின் படுக்கையறையில் வீட்டுக்காரர் ஒலிக்கருவியை ஒளித்துவைத்திருந்தார். யாராவது ஒட்டுக்கேட்டார்கள் என்று நிரூபிக்கவேண்டிய அவசியமே இல்லை, வைத்ததே அத்துமீறல் என்றது நீதிமன்றம். பெயர் தெரியாத இந்தக் குடும்பங்கள் போட்டுவைத்த பாதையில்தான் எரினின் வழக்கு நடந்தது.

பாடகி கோனி பிரான்சிஸின் வழக்கையும் சொல்லவேண்டும். 1974-ல் நியூயார்க்கின் வெஸ்ட்பரியில் ஹோவர்ட் ஜான்சன் மோட்டல் அறையில் அவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி நுழைந்தது சரியாகப் பூட்டாத கண்ணாடிக் கதவு வழியாக. அவர் மோட்டல் மீது வழக்குத் தொடுத்தார். 1976-ல் ஜூரி 25 லட்சம் டாலர் கொடுத்தது; முடிவில் 14.75 லட்சத்துக்குச் சமரசமானது. குற்றவாளி பிடிபடவே இல்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்க ஹோட்டல்கள் அறைப் பூட்டுகளைக் கவனிக்கத் தொடங்கின. அவர் புகழ்பெற்றவராக இல்லாமல் இருந்திருந்தால் அந்த வழக்கு இவ்வளவு தூரம் பேசப்பட்டிருக்காது. பூட்டு மாறியதன் பயன் அவர் பெயரே தெரியாதவர்களுக்கும் கிடைத்தது.

ஹல்க் ஹோகன் வழக்கும் இதுவும் ஒன்றா?

இரண்டு தீர்ப்பும் ஒரே மாதத்தில், பதினொரு நாள் இடைவெளியில் வந்ததால் எல்லோரும் சேர்த்தே பேசுகிறார்கள். மல்யுத்த வீரர் ஹோகன் தனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட படுக்கையறைக் காணொளியின் ஒரு பகுதியை வெளியிட்ட காக்கர் இணைய இதழ் மீது வழக்குப் போட்டார். புளோரிடா ஜூரி மொத்தம் 14 கோடி டாலர் கொடுத்தது, அதில் 2.5 கோடி தண்டனைத் தொகை. காக்கர் திவால் நோட்டீஸ் கொடுத்தது. பிறகு 3.1 கோடிக்குச் சமரசம்.

வித்தியாசம் பெரிது. அங்கே எதிரில் நின்றது ஒரு பத்திரிகை. கருத்துரிமை என்ற கேள்வி வந்தது. கோடீஸ்வரர் பீட்டர் தீல் பின்னாலிருந்து வழக்குச் செலவைக் கொடுத்தது தெரிந்தபோது, பணக்காரர்கள் பத்திரிகைகளை இப்படி ஒழித்துக்கட்டலாமா என்ற நியாயமான கவலையும் எழுந்தது. எரின் வழக்கில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஹோகன் தீர்ப்பின் மீதான கோபத்தை எரின் மீது இறக்கிவைப்பது தவறான விலாசத்தில் போட்ட கடிதம்.

பாரெட் சிறைக்குப் போனானே, அது போதாதா?

30 மாதம். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் பின்தொடர்ந்ததால் அது மத்தியச் சட்டத்தின் கீழ் குற்றமானது. அதற்கு அதிகபட்சத் தண்டனையே ஐந்து ஆண்டு. குற்றவியல் வழக்கு அரசுக்கும் குற்றவாளிக்கும் நடுவே நடப்பது. கதவைத் திறந்துவிட்ட அலட்சியத்தை அது தொடாது. ஹோட்டலைக் கேள்வி கேட்க சிவில் வழக்கைத் தவிர வேறு வழி இல்லை. அந்த அறை எப்படிக் கொடுக்கப்பட்டது என்ற விவரங்களை ஊரே அறிந்ததும் இந்த விசாரணையால்தான்.

கடைசியில் அவர் கையில் எவ்வளவு வந்தது?

தீர்ப்புக்கு அடுத்த மாதமே ஹோட்டல் தரப்போடு சமரசம் ஆனது. தொகை ரகசியம். மேல்முறையீட்டில் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதைவிட இரு தரப்பும் சமரசத்தை விரும்புவது வழக்கம். அதில் தொகை குறைவதும் வழக்கம். அதிலிருந்து வழக்கறிஞர் கட்டணம் போகும். இப்படிப்பட்ட வழக்குகளில் மூன்றில் ஒரு பங்கு என்பது சாதாரணம். உடற்காயம் இல்லாத மனவேதனைக்கான இழப்பீட்டுக்கு அமெரிக்காவில் வருமான வரியும் உண்டு. கால் முறிந்ததற்குக் கிடைத்த இழப்பீட்டுக்கு வரி இல்லை, மனம் முறிந்ததற்கு உண்டு. "ஐந்தரைக் கோடியை அள்ளிக்கொண்டு போனார்" என்று யாராவது சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

பார்த்த 1.7 கோடிப் பேர், பரப்பிய தளங்கள்? அவர்களுக்குப் பொறுப்பில்லையா?

பிறர் ஏற்றும் உள்ளடக்கத்துக்குத் தளத்தைப் பொறுப்பாக்கக் கூடாது என்று 1996-ல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று சொல்கிறது. இணையம் வளர அது உதவியது. இப்படிப்பட்ட காணொளிகளுக்கு அது கேடயமாகவும் ஆனது. அதனால் நீதிமன்றத்துக்கு வந்தது படமெடுத்தவனும் அவனுக்கு அறை கொடுத்தவர்களும் மட்டுமே.

அச்சு ஊடகமும் சளைக்கவில்லை. நியூயார்க் போஸ்ட் அந்தக் காணொளியிலிருந்து எடுத்த படங்களை வெளியிட்டது. அதைக் கண்டித்து இஎஸ்பிஎன் அந்த நாளிதழின் செய்தியாளர்களைத் தன் நிகழ்ச்சிகளுக்கு அழைப்பதை நிறுத்தியது. இன்னொரு பக்கம், விலைக்கு வந்தபோது வேண்டாம் என்று மறுத்த டிஎம்இசட்டுக்கு பாரெட் அனுப்பிய மின்னஞ்சல்கள் எஃப்.பி.ஐ. அவனைக் கண்டுபிடிக்க உதவின. ஒவ்வொரு கையிலும் அதை நிறுத்தவும் முடிந்தது, தள்ளிவிடவும் முடிந்தது.

இன்றைக்கும் இந்த வழக்கைப் பற்றிப் படித்தவுடன் காணொளியைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் சாட்சிக் கூண்டில் சொன்ன அந்த "தினமும்" என்ற சொல்லுக்குள் அந்தத் தேடலும் அடக்கம். தேடாதீர்கள், தயவுசெய்து.

ஹோட்டலில் தனியாகத் தங்குகிறவர்கள் என்ன செய்யலாம்?

பாதுகாப்பு ஹோட்டலின் கடமை. கீழே சொல்வதைச் செய்யாத விருந்தினர் மேல் பழி இல்லை. ஆனாலும் செய்யக்கூடியவை சில உண்டு.

ரிசப்ஷனில் அறை எண்ணை வாய்விட்டுச் சொன்னால், வேறு அறை கொடுத்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். என்னைக் கேட்டு யார் வந்தாலும், யார் அழைத்தாலும் நான் இங்கே தங்கியிருப்பதையே சொல்லவேண்டாம் என்று முன்பதிவில் குறிப்புப் போடச் சொல்லலாம். பக்கத்து அறையை யாராவது குறிப்பாகக் கேட்டால் எனக்குத் தெரிவியுங்கள் என்றும் தயங்காமல் சொல்லுங்கள்.

அறைக்குள் போனதும் பார்வைத் துளையை விரலால் திருகிப் பாருங்கள். இறுக்கமாக இருக்கவேண்டும். ஆடினாலோ, வெளியே நின்று பார்க்கும்போது உள்ளே தெளிவாகத் தெரிந்தாலோ உடனே சொல்லி அறையை மாற்றுங்கள். சரியாக இருந்தாலும் ஒரு காகிதத் துண்டைச் சுருட்டி உள்பக்கத்தில் அடைத்துவிடுங்கள். யாராவது தட்டும்போது எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.